கிரிமினல் பார் அசோசியேஷனுக்குச் சந்தா கட்டலாமா? ஏழு வருஷம் கட்டியவளின் மதிப்பீடு

போன மாதம் எங்கள் சேம்பர்ஸில், அதாவது வக்கீல்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகத்தில், பயிற்சி முடித்து நிரந்தரமாகச் சேர்ந்த தங்கை ஒருத்தி, லண்டன் ஹாரோவில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கெட்டிலில் தண்ணீர் கொதிக்கக் காத்திருந்த நேரத்தில் கேட்டாள்: "அக்கா, உந்த கிரிமினல் பார் அசோசியேஷனில சேரத்தான் வேணுமோ? உதால எனக்கு என்ன பிரயோசனம்?" நான் பாதி பதில் சொல்வதற்குள், எங்களுக்கு வழக்கைப் பிரித்துக் கொடுக்கும் கிளார்க் கூப்பிட்டுவிட்டார். மீதியை இங்கே எழுதுகிறேன். ஊரில் சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டே லண்டன் பக்கம் கண் வைத்திருக்கும் தம்பி தங்கைகளும் இதையே வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்து.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் நான்கு வருஷம் ஜூனியராக இருந்தேன், பெரும்பாலும் ஜாமீன் மனு, கொஞ்சம் அடிதடி வழக்கு. பிறகு கல்யாணமாகி இங்கே வந்து, வெளிநாட்டு வக்கீல்களுக்கான தேர்வு எழுதி, பயிற்சி இடம் கிடைக்க இரண்டு வருஷம் அலைந்து, இப்போது லண்டன் ஓரத்து கிரவுன் கோர்ட்டுகளில், பெரிய குற்ற வழக்குகளை ஜூரியோடு விசாரிக்கும் இடங்களில், கிரிமினல் வழக்கு நடத்துகிறேன். ஒரு வாரம் எதிரித் தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம், இன்னொரு வாரம் அரசுத் தரப்பு. இங்கே அது சகஜம். கழுத்தில் கட்டும் வெள்ளை பேண்ட் மதுரையில் கட்டியதேதான், குதிரைமுடி விக் மட்டும் புதுசு.

ஊரில் வக்கீல் சங்கம் என்றால் நமக்கு ஓர் இடம் நினைவுக்கு வரும். மேஜை, ஃபேன், பெட்டியில் கறுப்புக் கோட்டு, யாரோ ஒரு சீனியரின் சாப்பாட்டு டப்பாவிலிருந்து வரும் ரசத்து வாசம், தேர்தல் வந்தால் சுவரெல்லாம் போஸ்டர். கிரிமினல் பார் அசோசியேஷனில் அப்படி உட்கார்ந்து பேச ஒரு மேஜையைத் தேடாதீர்கள். 1969இல் தொடங்கிய சங்கம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கிரிமினல் வழக்கு நடத்தும் பாரிஸ்டர்களுக்கானது (கோர்ட்டில் நின்று வாதாடும் வக்கீலுக்கு இங்கே அந்தப் பெயர்), 3,600 பேருக்கு மேல் உறுப்பினர்கள். தனியாகத் தொழில் செய்பவர்களும் இருக்கிறார்கள், அரசு வழக்குத் துறையில் சம்பளத்துக்கு இருப்பவர்களும் இருக்கிறார்கள். தலைவர், துணைத் தலைவர், செயற்குழு எல்லாரும் தங்கள் சொந்த வழக்குகளை நடத்திக்கொண்டே சங்க வேலையும் பார்க்கிறார்கள்.

சேர்வது கட்டாயமில்லை, இது முக்கியம். பாரிஸ்டர் ஆக வேண்டுமென்றால் லண்டனில் உள்ள நான்கு 'இன்'களில், அதாவது பழைய வக்கீல் கழகங்களில், ஒன்றில் சேர்ந்தே ஆக வேண்டும், வருஷா வருஷம் தொழில் சான்றிதழுக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும், அதில் ஒரு பங்கு பார் கவுன்சிலுக்கும் பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டுக்கும் போகும். கவுன்சில் எல்லா பாரிஸ்டர்களுக்கும் பொதுவானது, கம்பெனி வழக்கில் கொழிப்பவருக்கும் அதுதான், மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் காலை முழுக்கக் காத்துக் கிடக்கும் நமக்கும் அதுதான். போர்டு நம் நடத்தையைக் கண்காணிக்கும். ஆறு சர்க்யூட்டுகள் வேறு இருக்கின்றன, வட்டார வாரியான பாரிஸ்டர் அமைப்புகள். இத்தனைக்கும் மேலே, நாமாக விரும்பிச் சேர்ந்து சந்தா கட்டும் சங்கம் இது. அதனால்தான் தங்கையின் கேள்வி நியாயமானது. கட்டாயமில்லாத ஒன்றுக்கு, முதல் மூன்று வருஷ வருமானத்திலிருந்து எதற்குப் பணம் எடுத்துக் கொடுக்க வேண்டும்?

அந்த முதல் மூன்று வருஷ வருமானம் பற்றி ஒரு எண் சொல்கிறேன். செலவு போக ஆண்டுக்கு 12,200 பவுண்டு. 2022 போராட்டத்தின்போது சங்கம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த இடைநிலைக் கணக்கு இது, அதாவது பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு. லண்டனில் அறை வாடகைக்கே போதாது. நான் அந்த எண்ணைச் செய்தியில் பார்த்த அன்று என் வீட்டுக்காரரிடம் போனைக் காட்டி "பாருங்க, நான் மட்டும் இல்ல" என்றேன். அதுவரை என் சம்பாத்தியம் குறைவாக இருப்பது என் சாமர்த்தியக் குறைவு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தனித்தனியாகத் தொழில் செய்பவர்களுக்கு இந்த வியாதி உண்டு. எல்லாருக்கும் ஒரே கஷ்டம், ஆனால் ஒவ்வொருவரும் அதைத் தன் குற்றமாக நினைத்து மூடி மறைப்பார்கள். சந்தாவுக்கு எனக்குக் கிடைத்த முதல் பலன் அந்த ஒரு எண்தான்.

சரி, சாதாரணமாகக் கிடைக்கும் சேவைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பயிற்சி வகுப்புகள், கருத்தரங்குகள் நடத்துகிறார்கள், புதுச் சட்டம் வந்தால் அதைப் பிரித்து விளக்க ஆள் இருக்கும், நன்றாகவே இருக்கும். ஒரு பத்திரிகை உண்டு. அரசாங்கம் ஏதாவது திருத்தம் கொண்டுவரக் கருத்துக் கேட்டால் சங்கம் நீளமாகப் பதில் எழுதும். அந்தப் பதில்களை யாரும் படிப்பதில்லை என்று நினைக்காதீர்கள். தண்டனைச் சட்டத்தில் ஒரு வரி எப்படி மாறியது என்று தேடும்போது நான் அவற்றில் போய் முட்டியிருக்கிறேன், நீதிமன்றத்தில் தினமும் நிற்பவர்கள் எழுதியது என்று படித்தவுடனே தெரியும். கிரிமினல் பக்கம் வர ஆசைப்படும், வசதியில்லாத மாணவர்களுக்கு உதவும் காலிஷர் டிரஸ்டையும் இங்கே சொல்ல வேண்டும். மைக்கேல் காலிஷர் என்ற பாரிஸ்டரின் நினைவாக 1996இல் தொடங்கியது, இந்தக் கிரிமினல் பார் வட்டத்துக்கு நெருக்கமானது. உதவித்தொகை தேடும் பிள்ளைகள் அதை விசாரிக்காமல் இருக்கவே கூடாது.

அப்புறம் திங்கட்கிழமைக் கடிதம். தலைவர் வாரா வாரம் உறுப்பினர்களுக்கு எழுதுவது, உறுப்பினர் அல்லாதவர்களும் படிக்கலாம். எந்தக் கோர்ட்டில் கூரை ஒழுகுகிறது, சிறையிலிருந்து கைதியைக் கொண்டுவரும் வண்டி ஏன் பத்து மணிக்கு வருவதற்குப் பதில் பன்னிரண்டுக்கு வருகிறது, அமைச்சரிடம் என்ன பேசினோம், அடுத்த வாரம் யாருக்குப் பதவி உயர்வு, யார் காலமானார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். சில தலைவர்கள் சுருக்கமாக எழுதுவார்கள், சிலர் பக்கம் பக்கமாக. நான் ரயிலில் நின்றுகொண்டே படிப்பேன். ஒரு கோர்ட்டில் தனியாகப் போய் நிற்கும்போது, நாடு முழுக்க இன்றைக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்து நிற்பது வேறு தெம்பு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சங்கத்தை மதிப்பிட வேண்டுமென்றால் 2022ஐப் பேசாமல் முடியாது.

அதைப் புரிந்துகொள்ள முதலில் 'ரிட்டர்ன்' என்றால் என்னவென்று தெரிய வேண்டும். உங்களுக்குத் திங்கட்கிழமை ஒரு வழக்கு ஒதுக்கியிருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது, ஜூரி இன்னும் முடிவு சொல்லவில்லை. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு கோர்ட்டில் நிற்க முடியாதல்லவா? கிளார்க் அந்த வழக்குக் கட்டை இன்னொருவரிடம் தள்ளிவிடுவார், அதுதான் ரிட்டர்ன். அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஜூனியர். சாயங்காலம் ஐந்தரைக்கு போன் வரும், "நாளைக்கு ஒரு சின்ன டிரையல், பார்த்துக்கொள்வாயா?" என்று. சின்ன டிரையல் என்பது நானூறு பக்கம், மூன்று வீடியோ, ஒரு செல்போன் அறிக்கை. குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் இரண்டு மணியாகும். காலையில் ஆறரை ரயில். இதற்குத் தனிக் காசு கிடையாது. வழக்கு நடந்தால் அதற்கென்று நிர்ணயித்த கட்டணம், அதுவும் வழக்கு முடிந்த பிறகே கைக்கு வரும். நடக்காமல் வாய்தா போட்டால் படித்ததெல்லாம் போச்சு. அடுத்த தேதி ஒரு வருஷம் கழித்து, அப்போது அந்த வழக்கு என்னிடம் இருக்குமா என்பதே நிச்சயமில்லை. இந்த நாட்டின் கிரவுன் கோர்ட்டுகள் ஓடுவது இப்படி ஒருவருக்கொருவர் கட்டை வாங்கிக்கொள்ளும் நல்லெண்ணத்தில்தான். எந்த விதியும் அதைக் கட்டாயமாக்கவில்லை.

2021 டிசம்பரில், லீகல் எய்ட் பற்றி, அதாவது வசதியில்லாதவர்களுக்கு அரசு செலவில் வக்கீல் வைப்பது பற்றி, சர் கிறிஸ்டோபர் பெல்லமி எழுதிய ஆய்வறிக்கை வெளிவந்தது. லீகல் எய்ட் வழக்குகளுக்கு ஆண்டுக்கு 135 மில்லியன் பவுண்டு கூடுதலாகக் கொடுத்தால்தான் இந்தத் துறை பிழைக்கும், அதுவே முதல் படிதான், இனியும் தள்ளிப்போட இடமில்லை என்று எழுதினார். கட்டணத்தில் குறைந்தது 15 சதவீத உயர்வு என்பது அதன் சாரம். சங்கம் கேட்டது 25 சதவீதம். மாதங்கள் ஓடின. மார்ச் 2022இல் வாக்கெடுப்பு வைத்தார்கள், 94 சதவீதம் பேர் இனி ரிட்டர்ன் வாங்க மாட்டோம் என்றார்கள், ஏப்ரல் 11இலிருந்து அது அமலானது. அவரவர் வழக்கை அவரவர் நடத்தினார்கள். அடுத்தவர் கட்டை மட்டும் தொடவில்லை. எந்த விதியும் மீறப்படவில்லை. ஆனால் கோர்ட் கோர்ட்டாக ஆட்டம் கண்டது. நல்லெண்ணத்துக்கு என்ன விலை என்று அதை நிறுத்திக் காட்டிய பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது. ஒரு சங்கம் யோசித்துச் செய்த காரியங்களில் இவ்வளவு கச்சிதமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

அதுவும் அரசாங்கத்தின் காதில் ஏறாதபோது ஜூன் 27இலிருந்து கோர்ட்டுக்குப் போகாத நாட்கள் தொடங்கின. முதல் வாரம் இரண்டு நாள், அடுத்தது மூன்று, பிறகு நான்கு, பிறகு முழு வாரம். நான் முதல் நாள் லண்டனின் பெரிய கிரிமினல் கோர்ட்டான ஓல்டு பெய்லி வாசலுக்குப் போனேன். விக்கும் கவுனும் போட்டுக்கொண்டு தெருவில் நிற்பது முதல் ஐந்து நிமிஷம் கூச்சமாக இருந்தது, கோர்ட் கட்டடத்துக்கு வெளியே அதைப் போட்டு நடப்பதே பழக்கமில்லை. எனக்குப் பக்கத்தில் எழுபது வயசு மதிக்கத்தக்க ஒரு பெரியவர், பட்டு கவுன் போட்ட சீனியர், வெயிலில் விக்கைக் கழற்றித் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொன்னார், தனக்கு இந்தப் பணம் வேண்டியதில்லை, தன்னுடைய சேம்பர்ஸில் இரண்டு வருஷத்தில் நல்ல ஜூனியர்கள் நான்கு பேர் போய்விட்டார்கள், அதனால் வந்தேன் என்று. நான் அவரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ஊரில் நீதிமன்றப் புறக்கணிப்பைப் பார்த்து வளர்ந்தவள் நான். மதுரையில் புறக்கணிப்பு என்றால் காலையில் சங்கத்தில் தீர்மானம், பத்தரைக்கு வாசலில் கோஷம், கட்சிக்காரர் வந்து நின்றால் "இன்னைக்கு இல்லப்பா, அடுத்த வாய்தாவுக்கு வா" என்று அனுப்பிவிடுவோம். 2002இல் ஹரிஷ் உப்பல் வழக்கில் வக்கீல்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியும் அது நிற்கவில்லை. சிறையில் கிடந்தவனுக்கு ஜாமீன் மனு ஒரு வாரம் தள்ளிப்போனது என் கண் முன்னால் நடந்திருக்கிறது, அப்போது நான் ஒன்றும் பேசவில்லை, பேசியிருக்க வேண்டும். அதனால் 2022இல் எனக்கு உள்ளூர பயம். இங்கேயும் அதையேதான் செய்யப் போகிறோமா?

வித்தியாசம் இருந்தது. எதற்காக, எத்தனை நாள், எந்தெந்த வழக்குக்கு என்று எல்லாம் வாக்கெடுப்பில் முடிவாகி எழுத்தில் வந்தது. தெருமுனைச் சண்டைக்கோ யாரோ ஒருவரின் மானப் பிரச்சினைக்கோ நடந்ததல்ல இது. ஆனாலும் வலி இல்லாமல் இல்லை. இங்கே ஒருவரை விசாரணைக்கு முன் சிறையில் வைக்க 182 நாள்தான் கெடு, ஊரில் குற்றப்பத்திரிகைக்கு 60 நாள், 90 நாள் கணக்கு இருப்பதுபோல, இங்கே விசாரணையே அதற்குள் தொடங்க வேண்டும். கெடு முடிந்த சிலருக்கு நீட்டிக்க மாட்டேன் என்று பிரிஸ்டல், மான்செஸ்டர் பக்கத்து நீதிபதிகள் சொன்னார்கள், இந்த நிலைமை அரசாங்கம் பணம் ஒதுக்காததால் வந்தது என்பது அவர்கள் காரணம். அது மேல் நீதிமன்றம் வரை போனது. தலைமை நீதிபதியோ, கோர்ட்டுக்கு வராத பாரிஸ்டர்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை வரலாம் என்று எச்சரித்தார். என் கட்சிக்காரர் ஒருவர் அந்த ஆகஸ்டு முழுக்க உள்ளே இருந்தார். அவருடைய அம்மாவுக்கு நான் போனில் விளக்கிச் சொன்னதை இன்றும் மறக்கவில்லை. அந்த அம்மா கோபப்படவில்லை. "உங்களுக்கும் குழந்தை இருக்கும்மா" என்று மட்டும் சொன்னார்.

செப்டம்பர் 5இலிருந்து காலவரையறை இல்லாத வேலைநிறுத்தம். மூன்றே நாளில் ராணி காலமானார், நாங்கள் குவீன்ஸ் கவுன்சல் என்று அழைத்த சீனியர்களெல்லாம் ஒரே சாயங்காலத்தில் கிங்ஸ் கவுன்சல் ஆனார்கள். அந்த வாரம்தான் நீதித்துறை அமைச்சரும் மாறினார், டொமினிக் ராப் போய் பிராண்டன் லூயிஸ் வந்தார். சங்கத்தின் பொறுப்பையும் செப்டம்பர் முதல் தேதிதான் கிர்ஸ்டி பிரிமலோ ஏற்றிருந்தார். புதிய அமைச்சர் பேச முன்வந்தார், 15 சதவீத உயர்வு புது வழக்குகளுக்கு மட்டும் என்று இருந்தது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பெரும்பாலான கிரவுன் கோர்ட் வழக்குகளுக்கும் சேர்த்துக் கொடுப்பதாக ஆனது. கூடவே 54 மில்லியன் பவுண்டு. வாக்கெடுப்பில் 2,605 பேர் கலந்துகொண்டார்கள், 57 சதவீதம் பேர் சரி என்றார்கள். அக்டோபர் 10இல் முடிந்தது.

நான் வேண்டாம் என்று வாக்களித்தேன். 25 கேட்டு 15க்கு இறங்கினால் விலைவாசியே அதைத் தின்றுவிடும் என்பது என் கணக்கு. இன்று திரும்பிப் பார்த்தால் அந்தக் கணக்கு தப்பில்லை. ஆனால் இன்னொன்றும் உண்மை. ஐந்து வாரமாகச் சம்பாத்தியம் இல்லாமல் இருந்த ஜூனியர்களில் பலருக்கு இன்னொரு மாதம் தாங்கியிருக்காது. சங்கம் வாக்கெடுப்பு வைக்காமல் தானே முடிவெடுத்திருந்தால் நான் அன்றே விலகியிருப்பேன். வைத்தது. தோற்றேன், தொடர்ந்தேன்.

இது முதல் தடவையும் இல்லை. 2014 ஜனவரி 6இல் ஒரு காலைப் பொழுது கோர்ட்டுக்குப் போகாமல் இருந்தார்கள், மார்ச்சில் ஒரு முழு நாள். பெரிய, சிக்கலான வழக்குகளுக்கான கட்டணத்தை அரசு 30 சதவீதம் வெட்டியதுதான் அன்றைய பெரிய மனக்குமுறல். அந்தக் கட்டணத்துக்கு யாரும் வழக்கெடுக்கவில்லை. சவுத்வார்க் கிரவுன் கோர்ட்டில் ஒரு பெரிய மோசடி வழக்கில் எதிரிகளுக்கு வக்கீலே இல்லாமல் போய், அந்த நிலையை எடுத்துச் சொல்ல அலெக்ஸ் கேமரன் காசு வாங்காமல் வந்து நின்றார். அன்றைய பிரதமர் டேவிட் கேமரனின் சொந்த அண்ணன் அவர். நீதிபதி வழக்கை நிறுத்தி வைத்தார், மேல் கோர்ட் அதே மாதம் அதை ரத்து செய்தது. நான் அப்போது மதுரையில் இருந்தேன், சீனியர் ஒருவர் செய்தித்தாளைக் காட்டி, தம்பி ஆட்சிக்கு எதிராக அண்ணன் கோர்ட்டில் நிற்கிறார் பார் என்று வியந்தது ஞாபகம் இருக்கிறது. 2018இல் கட்டண முறை மாறியபோது மறுபடியும் போராட்டம், 15 மில்லியன் தருவதாக அரசு சொன்னது, ஏற்றுக்கொண்டவர்கள் 51.55 சதவீதம். நூலிழை.

இங்கேதான் என் முதல் குறை. ஒவ்வொரு தடவையும் பாதிக் கிணறு தாண்டியதும் நின்றுவிடுகிறோம், பிறகு நாலு வருஷம் கழித்து அதே கிணற்றங்கரை. இதற்கு ஆட்களின் நேர்மை காரணமில்லை, அமைப்புதான். தலைவர் பதவி ஒரு வருஷம்தான். செப்டம்பரில் வந்து, அமைச்சகத்தில் யார் யார் என்று பழகி முடிப்பதற்குள் அடுத்த ஆகஸ்டு. அந்தப் பக்கமும் அப்படியே, 2022இலிருந்து ராப், லூயிஸ், மறுபடி ராப், சாக், மஹ்மூத், லாமி என்று நீதித்துறை அமைச்சர் நாற்காலி சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரண்டு பக்கமும் புது முகங்கள் உட்கார்ந்து முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். தலைவர் பதவியை இரண்டு வருஷமாக்க வேண்டும், அந்த இரண்டு வருஷத்துக்கும் அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதற்காகச் சந்தா கொஞ்சம் கூடினாலும் நான் கட்டத் தயார். இப்போது வழக்கும் நடத்தி, அமைச்சரையும் பார்த்து, வாராவாரம் கடிதமும் எழுதுவது ஒரு மனுஷர் தாங்குகிற வேலை இல்லை.

இரண்டாவது, இது தொழிற்சங்கம் இல்லை. இங்கே பலர் அப்படி நினைத்துச் சேர்ந்து ஏமாந்து போகிறார்கள். நாம் ஒவ்வொருவரும் தனித்தனித் தொழில் செய்பவர்கள், ஆகவே கட்டணத்தைக் கூடிப் பேசி நிர்ணயித்தால் போட்டிச் சட்டம் குறுக்கே வரும். அரசு பேச மறுத்தால் கட்டாயப்படுத்த வழி இல்லை. உங்கள் சேம்பர்ஸில் வாடகைப் பிரச்சினை, கிளார்க் வேலையைப் பாரபட்சமாகப் பங்கிடுகிறார் என்றால் சங்கம் வந்து தீர்த்து வைக்காது. சேரும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, அடிமட்டம். கிரவுன் கோர்ட்டைப் பற்றிப் பேசும் அளவுக்கு மாஜிஸ்டிரேட் கோர்ட்டைப் பற்றிச் சங்கம் பேசுவதில்லை என்பது என் எண்ணம். முதல் இரண்டு வருஷம் ஜூனியர்களின் வாழ்க்கை முழுக்க அங்கேதான். பயணச் செலவு போகக் கையில் மிஞ்சியது ஒரு சாண்ட்விச்சுக்குக் காணாது என்ற நாட்கள் எனக்கே உண்டு.

ஆனால் ஒரு விஷயத்தில் சங்கத்தை முழு மனதோடு பாராட்ட வேண்டும், எண்களை விடாமல் சேகரித்து வெளியே சொல்வது. பாலியல் குற்ற வழக்குகளை நடத்தும் பாரிஸ்டர்களிடம் 2024 தொடக்கத்தில் ஆய்வு செய்தார்கள். அரசுத் தரப்பில் அந்த வழக்குகளை நடத்துபவர்களில் 64 சதவீதம் பேர், அவற்றை நடத்தத் தகுதி பெற்றவர்களின் பட்டியலில் தொடர இனி விண்ணப்பிக்க மாட்டோம் என்றார்கள். கட்டணம் ஒரு காரணம், மன உளைச்சல் இன்னொரு காரணம். நான் அந்த வழக்குகள் நடத்தியிருக்கிறேன். பதினாலு வயசுப் பெண்ணின் வாக்குமூல வீடியோவை மூன்று தடவை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் என் மகளுக்குத் தலை பின்னிவிடுவது எப்படி இருக்கும் என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை. சங்கம் கேட்டது.

அதேபோல, வக்கீல் கிடைக்காமல் அன்றைக்கே தள்ளிப்போன கிரவுன் கோர்ட் வழக்குகள் 2019இல் சுமார் 70, 2023இல் 1,400க்கும் மேல். சங்கம் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு இது. எனக்கு அந்த 1,400இல் ஒன்று தெரியும். லண்டனில் ஒரு கிரவுன் கோர்ட், பெயர் வேண்டாம். நான் எதிரித் தரப்பு. அடிபட்டவர் நம்மாள், சின்னக் கடை வைத்திருப்பவர், அன்றைக்கு மூன்றாவது தடவையாகச் சாட்சி சொல்ல வந்திருந்தார். காலையிலிருந்து மூன்றரை மணி வரை உட்கார வைத்துவிட்டு, அரசுத் தரப்புக்கு ஆள் கிடைக்கவில்லை, அடுத்த வருஷம் என்றார்கள். அவரோடு நான் பேசக் கூடாது, பேசவில்லை. ஆனால் தாழ்வாரத்தில் மொழிபெயர்ப்பாளரிடம் அவர் தமிழில் சொன்னது காதில் விழுந்தது. "நாலாவது தடவையும் கடையைப் பூட்டிட்டு நான் வரணுமா தம்பி? வேண்டாம், விட்டுடச் சொல்லுங்க." என் கட்சிக்காரருக்கு அது லாபம்தான். ஆனால் அவரும் அன்று சந்தோஷப்படவில்லை, இரண்டு வருஷமாக வேலை கிடைக்காமல் இந்த வழக்கு முடியக் காத்திருந்தவர் அவர்.

இப்போது பெரிய சண்டை ஜூரி பற்றியது. கிரவுன் கோர்ட்டுகளில் தேங்கிக் கிடக்கும் வழக்குகள் 2025 நடுவில் 78,000ஐத் தாண்டின, கோவிட்டுக்கு முன் அதில் பாதி அளவுதான். சர் பிரையன் லெவிசன் 2025 ஜூலையில் கொடுத்த அறிக்கையில், நடுத்தரக் குற்றங்களில் ஒரு பகுதியை ஜூரி இல்லாமல் விசாரிக்கலாம் என்றார். டிசம்பரில் அமைச்சர் டேவிட் லாமி அதைத் தாண்டியும் போனார், மூன்று வருஷமோ அதற்குக் குறைவாகவோ தண்டனை வரக்கூடிய வழக்குகளில் பலவற்றுக்கு ஜூரி இருக்காது என்றார். அதே நேரத்தில் லீகல் எய்ட் பாரிஸ்டர்களுக்கு ஆண்டுக்கு 34 மில்லியன் பவுண்டு வரை கூடுதல் என்றும் அறிவித்தார். சங்கம் ஜூரியைக் குறைப்பதை எதிர்க்கிறது. தேக்கத்துக்கு ஜூரி காரணமில்லை, கோர்ட் அறைகளைப் பூட்டி வைத்ததும், உட்கார நீதிபதிக்கு நாள் ஒதுக்காததும், கட்டடம் பராமரிக்காததும், கைதி வண்டி நேரத்துக்கு வராததும், ஆட்கள் தொழிலை விட்டுப் போனதும்தான் காரணம் என்பது அதன் வாதம். நான் அதில் நூற்றுக்கு நூறு கூட நிற்கிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஜூரி புதுசாகத் தோன்றும், நாம் அதை எப்போதோ கைவிட்டுவிட்டோம். நானும் வந்த புதிதில் சட்டம் தெரியாத பன்னிரண்டு பேர் எதைத் தீர்மானிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு நாள் தலையில் முக்காடு போட்ட ஒரு பெண்ணும், கையெல்லாம் பச்சை குத்திய ஒரு பையனும், பஸ் ஓட்டுநர் சீருடையோடு ஒருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, போலீஸ்காரர் சொன்ன ஒரு நேரக் கணக்கைத் தங்கள் நோட்டில் சரிபார்த்து நீதிபதிக்குச் சீட்டு அனுப்பினார்கள். அந்த நேரம் ஒத்துப்போகவில்லை. எனக்குக்கூட அது தோன்றியிருக்கவில்லை. அந்தச் சீட்டுக்காக இந்தச் சங்கம் சண்டை போடுகிறது என்றால் என் சந்தா அதற்குப் போகட்டும்.

நட்சத்திரம் போடச் சொன்னால் ஐந்துக்கு மூன்றரை. பயிற்சிக்கும் தகவலுக்கும் நாலு, பேரம் பேசும் பலத்துக்கு இரண்டரை, குறுகிய தலைமைக் காலத்துக்குக் கொஞ்சம் கழிக்கிறேன், கேட்ட நேரத்தில் வாக்கெடுப்பு வைத்ததற்குக் கூட்டுகிறேன். கம்பெனி வழக்கு, குடும்ப வழக்கு பக்கம் போகப் போகிறவர்களுக்கு இது தேவையே இல்லை, அவரவர் துறைக்குத் தனிச் சங்கம் இருக்கிறது. கிரிமினல் பக்கம்தான் என்று முடிவு செய்தவர்கள் சேருங்கள்.

தங்கைக்கு: சந்தா உன் அனுபவ வருஷத்தைப் பொறுத்தது, புதியவளுக்கு குறைவாகத்தான் வரும். கட்டிய ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள், தொழில் செலவாக வரிக் கணக்கில் காட்டலாம், ஜனவரி 31க்குள். வாக்கெடுப்பு மின்னஞ்சல் குப்பைப் பெட்டிக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள். போன தடவை என் சேம்பர்ஸிலேயே இரண்டு பேருக்கு அப்படிப் போய்விட்டது.